துண்டுக்கு அடியில்

"என் மகன் எனக்கே நிபந்தனை போடறான் அம்மணி. இது நியாயமா?"

செங்கோடன் வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பொன்னாத்தா அடுப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சாப்பிட்டீங்களா?"

"காலையில ஒரு டீ."

"அப்பக் கை கழுவிட்டு வாங்க."

செங்கோடன் மாட்டுத் தரகர். வயது அறுபத்து நான்கு. ஒரு மாட்டைத் தூரத்தில் பார்த்தாலே அதன் குற்றத்தைச் சொல்லிவிடுவார். மனிதர்களுக்கும் அப்படியே சொல்வார். யாரும் கேட்க வேண்டியதில்லை.

பொன்னாத்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர். இப்போது மலையடிவாரத்தில், ஓடு போட்ட ஒரு கொட்டகையில் இருந்தார். மனம் சரியில்லாதவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அங்கே போய் வந்தவர்களிடம் அவர் என்ன போதித்தார் என்று கேட்டால், யோசிப்பார்கள்.

"ஒண்ணும் சொல்லலீங்க. நல்லாக் கேட்டுச்சு அந்தம்மா" என்பார்கள்.

அவ்வளவுதான்.

*

சாதமும் தட்டைப்பயறுக் குழம்பும். செங்கோடன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"குழம்புல புளி தூக்கல்" என்றார்.

"ஆமாங்கண்ணா."

"அரிசி இன்னும் ஒரு கொதி வெந்திருக்கலாம்."

"வெந்திருக்கலாம்."

பரிமாறிக்கொண்டிருந்தவர் ரங்கண்ணன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இறந்த பிறகு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், ஆறு வருடமாக இருக்கிறார்.

"மூணாந்தரம் போடட்டுங்களா? குறை சொல்லிட்டே சாப்பிடறவங்களுக்குத்தான் இங்க சோறு நல்லா இறங்கும்" என்றார் ரங்கண்ணன்.

செங்கோடன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு இடது கண்ணு சித்தே உள்வாங்கி இருக்குது. சோம்பேறிக்கு அடையாளம்."

"அட, எங்க டெப்போ மேனேஜர் கண்ணைப் பாக்காமயே அதைக் கண்டுபிடிச்சாருங்க."

பொன்னாத்தா சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை.

"இப்பச் சொல்லுங்க அம்மணி. வெள்ளிக்கிழமை குலதெய்வம் கோயில்ல என் பேரனுக்கு மொட்டை. இன்னைக்குப் புதன். நான் போறதா, வேண்டாமா?"

"கண்ணு சொருகுதுங்களே. சித்த நேரம் படுங்க."

"நான் தூங்கவா வந்தேன்?"

"ராத்திரி தூங்குனீங்களா?"

செங்கோடன் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. தலையில் கட்டிய துண்டை அவிழ்க்காமலே படுத்தார். மாலையில்தான் எழுந்தார்.

*

எழுந்ததும் அவர் கண்ணில் பட்டது கொட்டகைக்குப் பின்னால் கட்டியிருந்த பசு.

சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அம்மணி! இங்க வாங்க. இதை யார் உங்க தலையில கட்டுனது?"

"ஏனுங்கண்ணா?"

"வாலுக்கு மேல பாருங்க. துடைப்பச் சுழி. சுழின்னா அந்த மயிர் வட்டம். இது இருக்கற மாடு இருந்த வீட்டையே வழிச்சுத் துடைச்சுட்டுப் போயிரும். ஒரு பய வாங்க மாட்டான்."

"ஆமாங்க. ஒருத்தரும் வாங்கலைன்னுதான் இங்க கொண்டாந்து விட்டாங்க."

"எப்ப?"

"பதினோரு வருசம் இருக்கும்."

"பால்?"

"கறக்குது. ஒரு வருசம் கறக்காது. அப்பறம் கறக்கும்."

"கறக்காத வருசம்?"

"இதே இடத்துலதான் நிக்கும்."

செங்கோடன் பசுவைப் பார்த்தார். அது அவரைப் பார்க்கவில்லை. வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது.

"தொழில் தெரியாதவங்ககிட்டப் பேசி என்ன பிரயோசனம்" என்றார்.

"அது சரிங்கண்ணா" என்றார் பொன்னாத்தா.

*

வியாழக்கிழமை காலையில் பொன்னாத்தா கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தார். எதிரே ஒரு பலகையைத் தள்ளிப் போட்டார்.

"சொல்லுங்கண்ணா."

செங்கோடன் சொன்னார்.

"அஞ்சு வருசத்துக்கு முந்தி லோகுவுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். லோகுங்கறது என் மகன். பொண்ணு காபித் தட்டைத் தூக்கிட்டு வந்துச்சு. நடையைப் பாத்தேன். மனசுல பட்டதைச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"'பின்னங்கால் இழுக்குது, வேண்டாம்'னேன்."

கிணற்றடியில் குடத்தை வைத்த ரங்கண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"சபையிலயா?"

"சபையிலதான். மறைச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கடைசியில பாத்தா அந்தப் பொண்ணுக்குக் கால்ல முள்ளு குத்தியிருந்திருக்குது. அது எனக்கு எப்படித் தெரியும்? அதுக்குள்ள லோகு எந்திரிச்சு வெளிய போயிட்டான். அதே பொண்ணைக் கட்டிக்கிட்டான். கண்ணாலத்துக்கு நான் போகலை. அன்னையிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை."

"பேச்சு இல்லை."

"இப்ப மொட்டைக்கு அழைக்க வந்தான். என்ன சொன்னான் தெரியுமா? 'வாங்க. ஆனா குழந்தை தலையைப் பாக்கக் கூடாது. பாத்து எதுவும் சொல்லக் கூடாது.' பெத்த அப்பன்கிட்ட! என் பேரன் தலையை நான் பாக்கக் கூடாதாம்!"

"நீங்க பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டான்."

"மதிப்பில்லை அம்மணி. என்னை அவன் மதிக்கலை."

"மதிக்கலை."

"ஆறு எருமையும் நாலு காளையும் வித்து அவனைப் படிக்க வெச்சேன்."

"பாடுபட்டுப் படிக்க வெச்சீங்க."

செங்கோடன் எழுந்துவிட்டார்.

"என்ன அம்மணி இது! நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? எங்க ஊர்க் கிணத்துல தலையை நீட்டிக் கத்துனாலே இது கேக்குமே!"

"கத்திப் பாத்தீங்களாண்ணா?"

செங்கோடன் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டார்.

"இல்லை."

"வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

பொன்னாத்தா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"இல்லை" என்றார் செங்கோடன். மறுபடியும் உட்கார்ந்தார்.

*

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றார் பொன்னாத்தா. "நீங்க பாத்ததுலயே மோசமான சுழி எது?"

தரகரின் முதுகு நிமிர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த இடம்.

"இறங்கு பூரான் கெட்டது. முதுகுல பூரான் மாதிரி கீழ பாத்து இறங்கும். அதைவிடப் பாடைச் சுழி கெட்டது. பெண்டிழந்தான் சுழின்னு ஒண்ணு இருக்குது. அதை வாங்கறவனுக்குப் பொண்டாட்டி தங்க மாட்டா."

"அதுதான் ரொம்ப மோசமா?"

"இல்லை."

செங்கோடன் மலையைப் பார்த்தார்.

"ஒரு கன்னு இருந்துச்சு. எட்டு வயசு. அதோட அப்பன் பெரிய தரகன்."

"கன்னுக்கு அப்பன் தரகனா?" என்றார் ரங்கண்ணன்.

பொன்னாத்தா ஒரு கீரைத் தண்டை உயர்த்திக் காட்டினார். ரங்கண்ணன் குடத்தைத் தூக்கிக்கொண்டு பசுவிடம் போய்விட்டார்.

"சந்தைக்குக் கூட்டிட்டுப் போனான் அப்பன். கன்னுக்கு ஒரே குசி. சாட்டைகூடக் கையில குடுத்திருந்தான். நாலு தரகனுக டீ குடிச்சிட்டு நின்னானுக. 'பையன் தொழிலுக்கு வர்றானா'ன்னு ஒருத்தன் கேட்டான். அப்பன் சும்மா வெளையாட்டுக்குத் தலையைப் பிடிச்சு முடியை விலக்கிப் பாத்தான்."

"ம்."

"ரெண்டு சுழி."

"ம்."

"'அடச் சீ, இது தேறாத உருப்படி'ன்னான். எல்லாரும் சிரிச்சானுக. சாட்டையை வாங்கித் தம்பி கையில குடுத்துட்டான். தம்பிக்கு அஞ்சு வயசு. சாட்டை அவனைவிட நீளம்."

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றார் பொன்னாத்தா.

இந்த முறை செங்கோடன் கோபப்படவில்லை.

"ஆமா. எல்லாரும்."

"அப்பறம்?"

"அந்தக் கன்னு ஒரு துண்டை எடுத்துத் தலையில கட்டிக்கிச்சு."

"இப்ப என்ன பண்ணுது?"

வேப்பம்பழம் ஒன்று உதிர்ந்து ஓட்டின் மேல் விழுந்து உருண்டது.

"சுழி பாக்குது" என்றார் செங்கோடன்.

*

பொன்னாத்தா கையைத் துடைத்துக்கொண்டார்.

"துண்டைக் குடுங்கண்ணா."

செங்கோடனின் கை தலைக்குப் போய் அங்கேயே நின்றது.

அந்தத் தலையை அதற்குப் பிறகு சந்தை பார்த்ததில்லை. மகன் பார்த்ததில்லை. கட்டியவளுக்குத் தெரியும். அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"எதுக்கு?"

"உங்க தொழில்ல விலை பேசறது துண்டுக்கு அடியிலதானுங்க?"

அது உண்மைதான். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே துண்டு விழும். உள்ளே விரலைப் பிடிப்பார்கள், அமுக்குவார்கள், மடக்குவார்கள். எத்தனை விரல், எந்த விரல் என்பதில் விலை இருக்கும். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்தைந்து வருடமாகச் செங்கோடனின் கையை யார் பிடித்தாலும் ஏதோ ஒரு விலைக்காகத்தான் பிடித்தார்கள்.

துண்டை அவிழ்த்தார்.

நரைத்த முடி படிந்து, அழுத்தி வைத்த வைக்கோல் போலக் கிடந்தது. பொன்னாத்தா தலையைப் பார்க்கவும் இல்லை, பார்க்காதது போலக் காட்டிக்கொள்ளவும் இல்லை. துண்டை வாங்கி உதறினார். செங்கோடனின் வலது கையைப் பிடித்தார். மேலே துண்டைப் போட்டார்.

செங்கோடன் காத்திருந்தார்.

எந்த விரல் முதலில் என்று கவனித்தார். ஆள்காட்டி விரலா? அதில் ஆரம்பித்தால் குறைவு. நாலையும் சேர்த்துப் பிடித்தால் பரவாயில்லை. சுண்டு விரலை மட்டும் தொட்டுக் கையை விட்டால், உருப்படி வேண்டாம் என்று அர்த்தம்.

ஒரு விரலும் அமுங்கவில்லை.

கை கையைப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. கீரை ஆய்ந்த ஈரம் இன்னும் இருந்தது.

ரங்கண்ணன் பசுவின் முன்னால் தண்ணீர் வைத்தார். பசு குடித்து முடித்தது. ரங்கண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

"அம்மணி."

"சொல்லுங்கண்ணா."

"விலையே சொல்லலையே."

"ஆமாங்கண்ணா."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"உங்களுக்கு வேற வேலை இருக்குதுங்களா?"

செங்கோடனுக்கு வேறு வேலை இல்லை. முதலில் அவருடைய தோள் இறங்கியது. பிறகு தாடை இறங்கியது. பிறகு ஐம்பத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு சந்தையில் அழுதிருக்க வேண்டிய அழுகையை அங்கே உட்கார்ந்து அழுதார். நடுவில் ஒரு முறை சிரிப்பும் வந்தது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

மூக்கைத் துடைக்கத் துண்டைத் தேடினார். அது கைகளின் மேலேயே கிடந்தது.

"எடுத்துத் தொடைங்க. துவைச்சுக்கலாம்" என்றார் பொன்னாத்தா.

*

மறுநாள் விடிந்ததும் ரங்கண்ணன் அவரை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டார். செங்கோடன் துண்டைத் தோளில் போட்டிருந்தார். காற்று தலையில் பட்டது. அடிக்கடி கையால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பாதி வழியில் நின்றுவிட்டார்.

"அட! போறதா வேண்டாமான்னு அம்மணிகிட்டக் கேக்கவே மறந்துட்டேனே!"

"திரும்பிப் போயிக் கேட்டுட்டு வர்றீங்களா? நான் நிக்கறேன்."

அதற்குள் திருப்பத்தில் பஸ் வந்தது. செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி ஏறினார்.

ரங்கண்ணன் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்தார். குலதெய்வம் கோயில் இருக்கும் ஊர்.

"சரியான வண்டிதான். ரைட், போலாம்!" என்று பழக்கத்தில் கத்தினார்.

*

செங்கோடன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். நாவிதர் தலையை நனைத்துக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டது.

அவரைப் பார்த்ததும் பங்காளிகளின் பேச்சு நின்றது.

மருமகள் பிருந்தா குழந்தைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். சும்மா நின்றாள்.

செங்கோடன் அவளுடைய காலைப் பார்த்தார்.

"முள்ளு எடுத்தாச்சா அம்மணி?"

பிருந்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை.

"அஞ்சு வருசம் ஆச்சுங்க மாமா."

"ஆமா. அன்னைக்கே கேட்டிருக்கணும்."

அவள் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றாள். கொஞ்சம்தான். ஒரு ஆள் பார்க்கிற அளவுக்கு.

மகன் லோகு சந்தனக் கிண்ணத்தோடு நாவிதர் பக்கத்தில் நின்றான். கிண்ணம் நிறையக் குழைத்து வைத்திருந்தான். ஒரு குழந்தைக்கு இவ்வளவு தேவையில்லை.

கடைசி மயிரை வழித்துக் கத்தி எழும்புவதற்குள், லோகு ஒரு கை சந்தனத்தை எடுத்துக் குழந்தையின் உச்சந்தலையில் அப்பினான். மறுபடியும் அப்பினான். தோலே தெரியாமல் மூடினான்.

"இருங்க தம்பி, இன்னும் தண்ணி ஊத்தலை" என்றார் நாவிதர்.

"இல்லீங்க. வெயிலு" என்றான் லோகு. அவன் யாரையும் பார்க்கவில்லை.

காலை எட்டு மணி. கோயிலைச் சுற்றி ஆலமரம். வெயில் எங்கும் இல்லை.

செங்கோடன் மகனுடைய கையைப் பார்த்தார். அது சின்னத் தலையின் மேல் அகலமாக விரிந்து, எதுவோ வந்து விழுந்துவிடாமல் தடுப்பது போல இருந்தது.

சந்தையில் அன்று அப்படி ஒரு கை இல்லை.

அவர் கிட்டே போனார். கிண்ணத்தில் விரலை விட்டுச் சந்தனத்தை வழித்தார்.

"நடு உச்சியில பத்தலை பாரு" என்றார். தன் கையால் அங்கே இன்னும் கொஞ்சம் பூசினார்.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. லோகுவும் பார்த்தான்.

செங்கோடன் தோளில் கிடந்த துண்டைக் கீழே விரித்தார். அதன் மேல் நாவிதருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் எடுத்து விடப்பா."

"உங்களுக்குங்களா? வேண்டுதலா?"

"பாரம்."

கத்தி நரைமுடியை வழித்துக்கொண்டு போனது. அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

"அப்பா" என்றான் லோகு. குரல் வேறு மாதிரி இருந்தது. "உங்களுக்கு ரெண்டு சுழி."

"ஆமா."

"எனக்குத் தெரியவே தெரியாதே."

"பாப்பாவுக்கும் ரெண்டா?"

லோகு குழந்தையின் சந்தனத் தலையைத் திரும்பிப் பார்த்தான். அதுவே பதில்.

செங்கோடன் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார்.

"பூசு லோகு. வெயில் ஏறுது."